கியர் ராடு மாத்தப் போறீங்களா? மொதல்ல புஷ்ஷ தொட்டுப் பாருங்க

கார மாத்தி அமைக்கிற பக்கம் புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேரு கியர் நாப், அதாவது ராடு உச்சில கை புடிக்கிற குமிழ்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. கை எப்பவும் படுற எடம், கண்ணுக்கு தெரியிற எடம், காசும் பெருசா ஆகாது. நாப் மாத்தி ரெண்டு வாரம் போனா அடுத்து ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் போட கை நகர்ற தூரத்த கொறைக்கிற பார்ட், வேணும்னு கை அரிக்கும். எனக்கும் அரிச்சுது. என்னோடது பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், கேபிள் கியர், 1,40,000 கி.மீ. தாண்டி ஓடுனது, கியர் ராட புடிச்சா சாம்பார் கரண்டி மாதிரி நாலா பக்கமும் சுத்தும். ஆன்லைன்ல ஒரு ஷார்ட் ஷிஃப்டர் வாங்கி ஒரு ஞாயித்துக்கிழம பூரா ஃப்ரெண்டோட ஒக்காந்து மாட்டுனேன். மாட்டி முடிச்சு ரோட்டுக்கு போனா மூணாவது போட்டா அஞ்சுல போய் விழுது, ரிவர்ஸ் போடுறதுக்கு ராடோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு.

மறுநாள் எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு சீட்ல கூட ஒக்காரல. பானட்ட தூக்குனாரு, உள்ள கைய விட்டு கியர்பாக்ஸ்ல கேபிள் மாட்டுற முனைய புடிச்சு ஆட்டுனாரு, லொடக் லொடக்குனு சத்தம். "ஏந்தம்பி, புஷ்ஷு பூரா பொடிப்பொடியா போயிருக்கு, நீ மேல ராட மட்டும் குட்டையாக்கி என்ன பண்ண?"ன்னாரு. புஷ்னா கேபிள் முனைல ஆட்டம் வராம இருக்க போடுற சின்ன வளையம். அந்த புஷ்ஷோட வெல முந்தின நாள் நாங்க குடிச்ச டீ, வடை செலவ விட கொஞ்சம்தான் அதிகம். அதனால இந்த கட்டுரைல மாட்டுறத விட மாட்டுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்ங்கறதத்தான் நெறைய சொல்லியிருக்கேன், பொறுமையா படிங்க.

மொதல்ல உங்க வண்டி எந்த ரகம்னு தெரிஞ்சுக்கோங்க

நாம கையில புடிக்கிற கியர் ராடு நேரா கியர்பாக்ஸுக்குள்ள போகுதுன்னு நெறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க. சில வண்டில அப்டித்தான், ஜிப்ஸி, மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி இஞ்சின் நேரா நீளவாக்குல ஒக்காந்து பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போற வண்டிங்கள்ல ராடோட அடி முனை கியர்பாக்ஸ் மேலயே போய் ஒக்காரும். முன் சக்கரம் இழுக்குற வண்டில இஞ்சின் குறுக்க இருக்கு, கியர்பாக்ஸ் பானட்டுக்குள்ள ஒரு ஓரமா இருக்கு, ராடு நம்ம பக்கத்துல இருக்கு, ரெண்டையும் எதையாவது வச்சு இணைக்கணும்ல. பழைய மாருதி 800 மாதிரி வண்டில வண்டிக்கு அடியில இரும்பு ராடு ஓடும். ஸ்விஃப்ட்ல இருந்து இப்ப வர்ற சின்ன வண்டி பெரும்பாலும் எல்லாத்துலயும் ரெண்டு கேபிள் ஓடும். ஒரு கேபிள் முன்ன பின்ன தள்ளுறதுக்கு, அதாவது கியர போடுறதுக்கு. இன்னொண்ணு இடது வலது நகத்துறதுக்கு, அதாவது 1-2 லைனா, 3-4 லைனா, 5-ஆன்னு எடுக்குறதுக்கு. இந்த ரெண்டு கேபிளயும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அம்பாசடர்ல ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர் இருந்த காலத்துல அத கழட்டி கீழ தரையில ராடு வர்ற மாதிரி மாத்திக் குடுக்குற ஒர்க்‌ஷாப்புங்க இருந்துச்சு, நம்ம ஊரு ஷிஃப்டர் அப்கிரேடோட தாத்தான்னு அதைத்தான் சொல்லணும்.

அஞ்சு நிமிஷ டெஸ்ட்டு, காசு செலவில்ல

வண்டிய சமதளத்துல நிறுத்துங்க, ஹேண்ட் பிரேக் இழுங்க, டயருக்கு முன்னாடி பின்னாடி கட்டை குடுங்க. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு கிளட்ச்ச மிதிச்சு ஒன்னுல இருந்து ரிவர்ஸ் வரைக்கும் எல்லா கியரயும் போட்டு பாருங்க. வண்டி நிக்கும்போது ஒன்னு ரெண்டு கியர் சட்டுனு விழாம அடம் புடிக்கும், பல்லுக்கு பல்லு மோதி நிக்கிறதுதான் அது, கிளட்ச்ச விட்டு மறுபடி மிதிச்சா விழுந்துரும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா எல்லா கியருமே டைட்டா, மணல்ல குச்சிய நட்டு ஆட்டுற மாதிரி இருந்தா பிரச்சன ராடுலயோ கேபிள்லயோ இருக்கு.

ஆஃப்ல நல்லா விழுது, இஞ்சின் ஓடும்போது மட்டும் கஷ்டமா இருக்குன்னா அது ஷிஃப்டர் பிரச்சனையே கெடையாது. கிளட்ச் முழுசா விடல. ஐடில்ல வச்சு கிளட்ச்ச அடி வரைக்கும் மிதிச்சு நாலு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க, அப்பயும் கர்ர்னு கத்துனா கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டோ, ஹைட்ராலிக்னா ஆயில்ல காத்தோ, இல்ல கிளட்ச்சேவோ பாக்கணும். ஓடும்போது ஒரே ஒரு கியர்ல மட்டும், பொதுவா ரெண்டாவதுல, கர்ர்னு வருதா? கியர்பாக்ஸுக்குள்ள சிங்க்ரோ, அதாவது கியர் விழறதுக்கு முன்னாடி வேகத்த சமமாக்குற வளையம், தேஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. வெளிய எந்த பளபள பார்ட்ட மாட்டுனாலும் அதுக்கு தீர்வு கெடையாது, ஷார்ட் ஷிஃப்டர் போட்டா இன்னும் வேகமா கைய தள்ளுவீங்க, தேஞ்ச சிங்க்ரோ இன்னும் சீக்கிரமா தேயும்.

அடுத்து ஆட்டம் எவ்ளோன்னு அளந்து பாருங்க. இஞ்சின் ஆஃப், மூணாவது கியர்ல போட்டுட்டு நாப்ப ரெண்டு விரல்ல புடிச்சு முன்ன பின்ன லேசா ஆட்டுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு எவ்ளோ தூரம் சும்மாவே நகருதுன்னு பாருங்க. கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டிலயும் இருக்கும். என் வண்டில கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் இருந்துச்சு. இப்ப பானட்ட தொறந்து வச்சு, வீட்ல இருந்து ஒரு ஆள கூப்ட்டு சீட்ல ஒக்கார வச்சு அதே மாதிரி ஆட்ட சொல்லுங்க, நீங்க கியர்பாக்ஸ் மேல கேபிள் வந்து மாட்டுற எடத்த பாருங்க. கேபிள் நகருது, ஆனா கியர்பாக்ஸ் லிவரு நகரலன்னா அங்க இருக்குற புஷ் போச்சு. கேபிளே நகரல, நாப் மட்டும் ஆடுதுன்னா கன்சோலுக்கு (ரெண்டு முன் சீட்டுக்கு நடுவுல இருக்குற பிளாஸ்டிக் பெட்டி) கீழ ராடு ஒக்காந்திருக்குற பால் கப்போ அங்க இருக்குற புஷ்ஷோ தேஞ்சிருக்கு. கவனம், இஞ்சின் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், சாவிய உங்க பாக்கெட்ல போட்டுக்கோங்க, உள்ள ஒக்காந்திருக்கறவரு ஆர்வத்துல ஸ்டார்ட் பண்ணிட்டா உங்க கை அங்க இருக்கு.

கடைசியா ஒன்னு, ஓட்டும்போது ஆக்சிலேட்டர மிதிச்சு சட்டுனு விட்டா கியர் ராடு முன்ன பின்ன குதிக்குதா? இஞ்சின தாங்குற ரப்பர் மவுன்ட் போயிருக்கலாம். அடியில இரும்பு ராடு ஓடுற வண்டிங்கள்ல இது நல்லாவே தெரியும், ஏன்னா இஞ்சின் ஆடுற ஆட்டம் அப்டியே ராடு வழியா கைக்கு வந்துரும்.

ஷார்ட் ஷிஃப்டர்னா என்னதான் நடக்குது

சீசா பலகை நெனச்சுக்கோங்க. கியர் ராடுக்கு நடுவுல ஒரு கீல் இருக்கு. கீலுக்கு மேல நாப் வரைக்கும் 250 மி.மீ., கீலுக்கு கீழ கேபிள் மாட்டுற எடம் வரைக்கும் 50 மி.மீ.ன்னு கணக்குக்கு வச்சுப்போம். 5-க்கு 1. கேபிள் 10 மி.மீ. நகரணும்னா நாப்ப நீங்க 50 மி.மீ. தள்ளணும். இப்ப கீழ் பக்கத்த 62.5 மி.மீ. ஆக்கிட்டா 4-க்கு 1, நாப் 40 மி.மீ. நகந்தா போதும். 20 சதவீதம் தூரம் கொறஞ்சுது. ஆனா இது சும்மா வராது, முன்னாடி 4 கிலோ பலம் குடுத்த எடத்துல இப்ப 5 கிலோ குடுக்கணும், அதாவது 25 சதவீதம் ஜாஸ்தி. மேல ராட வெட்டி 200 மி.மீ. ஆக்குனாலும் இதே 4-க்கு 1, இதே கணக்குதான். எந்த கம்பெனி ஷார்ட் ஷிஃப்டரா இருந்தாலும் இந்த கணக்க தாண்டி எதையும் பண்ணிட முடியாது. "ஷார்ட்டாவும் இருக்கும், ஸ்மூத்தாவும் ஆகிரும்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க.

இப்ப தேஞ்ச புஷ்ஷ இதுல சேத்து பாருங்க. கேபிள் முனைல 5 மி.மீ. ஆட்டம் இருந்தா 5-க்கு 1 ராடுல நாப்ல அது 25 மி.மீ. ஆட்டம். ராடு குட்டையானா ஆட்டமும் சேந்து கொறையும்தான், ஆனா கியருக்கு கியர் இருக்குற தூரமும் அதே அளவு கொறையிது, அதனால மொத்தத்துல ஆட்டம் எவ்ளோ பங்குங்கறது மாறவே மாறாது. நம்ம கை மட்டும் அதே கை. முன்னாடி அகலமான வாசல்ல தடுமாறி உள்ள போயிட்டு இருந்தவன், இப்ப குறுகலான வாசல்ல அதே தடுமாற்றத்தோட போறான். அதான் என் மூணாவது கியர் அஞ்சுல போய் விழுந்த கத.

ஆகவே வரிசை இதான்: புஷ், அப்பறம் கியர் ஆயில், அப்பறம் நாப், இது மூணும் பண்ணியும் ஆசை தீரலன்னா ஷார்ட் ஷிஃப்டர். முக்கால்வாசி பேருக்கு மூணாவதோட ஆசை அடங்கிரும், எனக்கு தெரிஞ்சு.

தேவையான சாமான்

10, 12, 14 நம்பர் பானா, ரிங்கும் சாக்கெட்டும் இருந்தா நல்லது. நட்சத்திர திருப்புளி, தட்டை திருப்புளி, மூக்கு நீண்ட குறடு. பிளாஸ்டிக் கிளிப்ப தூக்க தட்டையான பிளாஸ்டிக் கட்டை, இல்லன்னா பழைய ஏடிஎம் கார்டே போதும். சிலிகான் கிரீஸ் ஒரு டியூப். வெள்ள பெயின்ட் மார்க்கர். மொபைல் போன், ஒவ்வொன்னயும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்க. ஒரு பழைய சில்வர் தட்டு, கிளிப், வாஷர் போட. இந்த தட்டு சமாச்சாரத்த சாதாரணமா நெனைக்காதீங்க, பானட்டுக்குள்ள விழுந்த சின்ன கிளிப்ப தேடுறது மாதிரி எரிச்சலான வேலை ஒலகத்துலயே கெடையாது.

பார்ட்ஸுக்கு, புஷ் தனியா கெடைக்குமான்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கேளுங்க. பல வண்டிக்கு கேபிளோடதான் வரும்பாங்க, முழு கேபிள் செட்டா வாங்கணும். சென்னைல இருக்கறவங்க ஜி.பி. ரோட்டுல நாப், பூட் (ராடு அடிய மூடியிருக்குற உறை) வகையறா பாக்கலாம், கழட்டுன பழைய ஷிஃப்டர் அசெம்பிளி வேணும்னா புதுப்பேட்டை. கோயம்புத்தூர்ல ஒரு வசதி என்னன்னா தெருவுக்கு தெரு லேத் இருக்கு, தேஞ்ச புஷ்ஷ காட்டுனா அதே அளவுல டெல்ரின்லயோ (ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்) பித்தளைலயோ கடைஞ்சு குடுத்துருவாங்க. பித்தளை புஷ் போட்டா ஆட்டம் சுத்தமா நின்னுரும், அதே நேரத்துல இஞ்சின் அதிர்வும் நேரா கைக்கு வரும், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல ராடு வண்டு மாதிரி ரீங்காரம் போடும். தெனம் ஆபீஸ் போற வண்டிக்கு நான் டெல்ரின்தான் சொல்லுவேன்.

வேலைய ஆரம்பிக்கலாம்

பேட்டரி நெகட்டிவ் டெர்மினல கழட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க. காரணம் இருக்கு. நெறைய வண்டில ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி கியர் ராடுக்கு பக்கத்துலயே, நடு கன்சோலுக்கு கீழதான் ஒக்காந்திருக்கும். அது கிட்ட சுத்தியல் வச்சு தட்டுறது, வெல்டிங் வைக்கிறது, கரன்ட் இருக்கும்போது ஒயர புடுங்குறது எதுவும் ஆகாது. ஏர்பேக் இல்லாத பழைய வண்டின்னாலும் பேட்டரிய கழட்டி வைங்க, அது நல்ல பழக்கம். சில ஸ்டீரியோ கோடு கேக்கும், அத முன்னாடியே தேடி வச்சுக்கோங்க.

நாப்ப கழட்டுறது: பெரும்பாலான வண்டில இடதுபக்கமா திருகுனா வந்துரும். ரொம்ப வருஷமா கழட்டாததா இருந்தா துணிய சுத்தி புடிச்சு திருகுங்க. மேல் பக்கமா மட்டும் இழுக்காதீங்க, திடீர்னு கழண்டு வந்து தாடையில ஒரு குத்து விடும். ரிவர்ஸுக்கு வளையத்த தூக்குற வண்டின்னா அந்த வளையமும் அதுக்குள்ள ஓடுற சமாச்சாரமும் நாப்போட சம்பந்தப்பட்டிருக்கும், பொதுவா விக்கிற உருண்டை நாப் அதுக்கு சேராது. போலோ மாதிரி ஃபோக்ஸ்வேகன் வண்டிங்கள்ல நாப் மரையே கெடையாது, பூட்டும் நாப்பும் ஒன்னா கிளாம்ப்ல இறுக்கியிருக்கும், கிளாம்ப வெட்டித்தான் எடுக்கணும், புது கிளாம்ப் வாங்கி வச்சுட்டு வெட்டுங்க.

அப்பறம் லெதர் பூட். அடியில இருக்குற பிளாஸ்டிக் சட்டம் கன்சோல்ல கிளிப்ல மாட்டியிருக்கும், ஒரு ஓரத்துல கார்ட விட்டு நெம்புனா டக்குனு மேல வரும். பின் பக்கம் ஆரம்பிச்சா சுலபம். அதுக்கப்பறம் நடு கன்சோல். ஸ்க்ரூ எங்க எங்க இருக்குன்னு வண்டிக்கு வண்டி மாறும், கப் ஹோல்டர் ரப்பருக்கு அடியில, ஆஷ்ட்ரேக்கு பின்னாடி, ஹேண்ட் பிரேக் பக்கம்னு ஒளிச்சு வச்சிருப்பாங்க. வரலன்னா பலத்த காட்டாதீங்க, எங்கயோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்குன்னு அர்த்தம். வெயில்ல காஞ்ச பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஒடையும்.

இப்ப ஷிஃப்டர் அசெம்பிளி கண்ணுக்கு தெரியும், ரெண்டு கேபிளும் அதுல வந்து மாட்டியிருக்கும். இங்கதான் பெயின்ட் மார்க்கர். எந்த கேபிள் எதுல இருந்துச்சுன்னு ஒன்னுல ஒரு புள்ளி, இன்னொன்னுல ரெண்டு புள்ளி. அட்ஜஸ்டர் இருந்தா இப்ப எந்த எடத்துல நிக்குதோ அங்க ஒரு கோடு. போட்டோ. முனைல இருக்குற கிளிப், இல்ல காட்டர் பின், குறடால கழட்டி தட்டுல போடுங்க. பால் சாக்கெட் டைப்னா நேரா மேல நெம்பி எடுங்க, சாய்ச்சு நெம்புனா சாக்கெட் விரிஞ்சுரும், அப்பறம் ஓட்டும்போது கழண்டுரும், நடுரோட்ல கியரே இல்லாம நிப்பீங்க.

அசெம்பிளிய தரையோட புடிச்சிருக்குற போல்ட்ட கழட்டி வெளிய எடுத்து பாருங்க. பால் கப்புல பழைய கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஒட்டியிருக்கும், மண்ணு சேந்திருக்கும், ஒரு கார்ல பொரி உருண்டை துண்டு கூட பாத்திருக்கேன். நல்லா தொடைச்சுட்டு சிலிகான் கிரீஸ் வைங்க. டபிள்யூடி-40 அடிச்சு வேலைய முடிச்சுராதீங்க, அது இருக்குற கிரீஸையும் கழுவி விட்டுட்டு கொஞ்ச நாள்ல தானும் போயிரும். சாதாரண கிரீஸ் சில ரப்பர உப்ப வச்சுரும். அதே மாதிரி பைக் கிளட்ச் கேபிளுக்கு பேப்பர்ல கூம்பு செஞ்சு ஆயில் விட்டு பழகுனவங்க நாம, கார் கியர் கேபிளுக்கும் அதே கைவரிசைய காட்டிராதீங்க, உள்ள வழுக்குற பிளாஸ்டிக் குழாய் இருக்கு, ஆயில் போனா தூசிய இழுத்து பசையாத்தான் ஆகும். கேபிள் டைட்டா இருந்தா மாத்துறதுதான் வழி.

கியர்பாக்ஸ் பக்கத்து புஷ்ஷுக்கு பல வண்டில ஏர் ஃபில்டர் பெட்டியையும் பேட்டரி தட்டையும் எடுத்தாத்தான் கை போகும். பழைய புஷ் துண்டு துண்டா வரும், மொத்தமா எடுத்து எடத்த சுத்தம் பண்ணிட்டு, புதுச சுடுதண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து அமுக்குனா சுலபமா ஒக்காரும்.

அடியில ராடு ஓடுற வண்டில வேலையே தலைகீழ், வண்டிக்கு அடியில படுக்கணும். ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, ஒருக்கா வண்டிய குலுக்கி பாத்துட்டு அப்பறம் உள்ள போங்க. வெறும் ஜாக்கிய நம்பி அடியில போறவங்களுக்கு இந்த கட்டுரை வேண்டாம், வேற பொழுதுபோக்கு பாத்துக்கோங்க. மேல இருந்து நேரா கியர்பாக்ஸுக்குள்ள போற வண்டின்னா ராட உருவுன ஒடனே அந்த ஓட்டைய சுத்தமான துணியால மூடிருங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தா கியர்பாக்ஸ பிரிக்க வேண்டி வரும்.

ஷார்ட் ஷிஃப்டர் மாட்டுறவங்களுக்கு

மூணு வகை இருக்கு. ஒன்னு, முழு ராடயும் மாத்துறது, கீழ் பக்கம் நீளம் கூடுனதா வரும். ரெண்டு, கியர்பாக்ஸ் மேல இருக்குற லிவர மட்டும் குட்டையா மாத்துறது, அதே திருப்பத்துக்கு கேபிள் கம்மியா நகந்தா போதும். மூணாவது நம்ம ஊரு லேத் முறை, மேல ராட வெட்டி மரை போடுறது. மூணாவதுல ஜாக்கிரதை. சில ராடு ஒரே கம்பி மாதிரி தெரியும், ஆனா உள்ள ஒரு கம்பி, வெளிய ஒரு குழாய், நடுவுல அதிர்வ தடுக்க ரப்பர். அத வெட்டி மரை போட்டா ரப்பர் வெளிய வந்து நாப் தனியா ஆடும். வெட்டுறதுக்கு முன்னாடி புதுப்பேட்டைல ஒரு பழைய ராடு வாங்கி அத வெட்டுங்க, ஒரிஜினல தொடாதீங்க.

மாட்டும்போது நியூட்ரல் விஷயம். கியர்பாக்ஸும் நியூட்ரல்ல இருக்கணும், மேல ராடும் நட்ட நடுவுல நேரா நிக்கணும், அப்பத்தான் கேபிள் அட்ஜஸ்டர இறுக்கணும். சில அசெம்பிளில நியூட்ரல்ல பூட்டி வைக்க சின்ன ஓட்டை குடுத்திருப்பாங்க, அதுல டிரில் பிட்ட சொருகிட்டா ராடு ஆடாம நிக்கும். வேலை முடிஞ்சதும் அந்த பிட்ட உருவ மறந்துராதீங்க, சிரிக்காதீங்க, நடக்கும்.

கன்சோல மூடுறதுக்கு முன்னாடியே எல்லா கியரயும் போட்டு பாருங்க. ரெண்டு, நாலு, ரிவர்ஸ்ல ராடு பின்னாடி எதுலயும் இடிக்கக்கூடாது. பூட்ட மாட்டுனதும் மறுபடி பாருங்க. ராடு குட்டையாச்சுன்னா பழைய பூட் துணி சுருங்கி மேல முட்டும், இல்ல புது பூட் ரொம்ப டைட்டா இருந்தா ராட பின்னாடி இழுத்துட்டே இருக்கும், மேடு பள்ளத்துல கியர் தானா கழண்டுரும். நம்ப மாட்டீங்க, லெதர் துணி செஞ்ச வேலைக்கு கியர்பாக்ஸ பிரிச்சு பாத்தவங்க உண்டு.

நாப் வாங்கும்போது

மரை அளவுதான் மொத விஷயம். ஹோண்டாக்கு எம்10, 1.5 பிச், அதாவது 10 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. டொயோட்டாக்கு எம்12, 1.25 பிச். மாஸ்டா, நிசான் வண்டிங்கள்ல எம்10, 1.25. உங்களோடது எதுன்னு சந்தேகமா இருந்தா பழைய நாப்ப எடுத்துட்டு பக்கத்து போல்ட் நட்டு கடைக்கு போங்க, எந்த போல்ட்டு கையாலயே வழுக்கிட்டு ஏறுதோ அதான் அளவு. அடாப்டரோட வர்ற நாப், பக்கவாட்டுல மூணு குட்டி ஸ்க்ரூ வச்சு இறுக்குற நாப் எல்லாம் எனக்கு புடிக்காது, ஆறு மாசத்துல லூஸ் ஆகி கையோட சுத்தும்.

எடை உண்மையிலயே வித்தியாசம் காட்டும். கொஞ்சம் கனமான நாப், ஒருக்கா நகர ஆரம்பிச்சா அந்த வேகத்துலயே கியருக்குள்ள போய் ஒக்காரும், சின்ன தடைய கைக்கு காட்டாது. ஹோண்டாவே 2020 சிவிக் டைப் ஆர்ல நாப்புக்குள்ள 90 கிராம் எடைய வச்சு குடுத்துச்சு. ஷார்ட் ஷிஃப்டர் போட்டு கூடுன பலத்த கொஞ்சம் மறக்கடிக்கவும் இது உதவும்.

ஆனா முழு மெட்டல் நாப் வாங்குறவங்க சித்திரை மாச மத்தியானத்த நெனச்சுட்டு வாங்குங்க. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்ன வண்டில ஏறி மொத கியர் போடும்போது தோசைக்கல்ல தொட்ட மாதிரி இருக்கும். நான் ஒரு சம்மர் முழுக்க நாப்புக்கு பழைய சாக்ஸ் மாட்டி ஓட்டுனேன், பாத்தவங்க எல்லாம் கேலி. இப்ப டெல்ரின் நாப், உள்ள மட்டும் இரும்பு, மேல கை சுடாது.

கியர் ஆயில்

சுருக்கமா சொல்றேன். வண்டியோட ஓனர் மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அதான். ஜிஎல்-4 (கியர் ஆயிலோட தர வகை) கேக்குற கியர்பாக்ஸ்ல "இது இன்னும் ஒசத்தி"ன்னு ஜிஎல்-5 ஊத்தாதீங்க, ஜிஎல்-5-ல இருக்குற கந்தக, பாஸ்பரஸ் சமாச்சாரம் பித்தளை சிங்க்ரோவுக்கு ஒத்துக்காம போகலாம், ரொம்ப வழுக்கலா இருந்தா சிங்க்ரோ புடிக்கவும் புடிக்காது. மாத்தும்போது ஊத்துற போல்ட்டத்தான் மொதல்ல கழட்டணும், அது கழண்டு வருதுன்னு உறுதியான அப்பறம்தான் கீழ வடிக்கிற போல்ட். இத மாத்தி பண்ணி, ஆயில் பூரா வடிஞ்சு போன வண்டிய ஊத்த வழியில்லாம டோ பண்ணவங்க ரெண்டு பேர எனக்கே தெரியும்.

மொத ஓட்டம்

காலைல ஆறு மணிக்கு, ரோடு காலியா இருக்கும்போது எடுத்துட்டு போங்க. புது ஷிஃப்டர்ல பெரிய ஆபத்து ஒன்னு இருக்கு. ஹைவேல நல்ல வேகத்துல அஞ்சுல போறீங்க, நாலுக்கு எறக்குறேன்னு ரெண்டுல போட்டு கிளட்ச்ச விட்டா சக்கரம் இஞ்சின வலுக்கட்டாயமா சுத்த வைக்கும், ஆர்பிஎம் எங்கயோ போயிரும். இஞ்சின் அளவுக்கு மீறி சுத்தாம தடுக்குற ரெவ் லிமிட்டர் காப்பாத்தும்னு நெனைக்காதீங்க, அது பெட்ரோல நிறுத்தும், அவ்ளோதான், சக்கரம் சுத்துறத அதால நிறுத்த முடியாது. வால்வு வளைஞ்சா செலவு லட்சக்கணக்குல பேசும். வாசலெல்லாம் கிட்ட கிட்ட வந்திருக்கு, கைக்கு பழகணும். மொத ஒரு வாரம் அஞ்சுல இருந்து நாலுக்கு வரும்போது கைய இடது பக்கம் தள்ளாம நேரா பின்னாடி மட்டும் இழுங்க, நடு லைனுக்கு ஸ்பிரிங்கே கொண்டு வந்துரும். நம்ம வண்டில ஓட்டுறவரு வலது பக்கம், ராடு இடது கைல, அதனால ராட உங்க பக்கம் இழுத்தா அஞ்சாவது, தள்ளுனா ஒன்னு ரெண்டு. பயத்துல தள்ளிராதீங்க.

சிக்னல்ல நிக்கும்போது கைய ராடு மேலயே வச்சு அழுத்திட்டு இருக்குற பழக்கமும் ஓடும்போது அதுலயே கைய தொங்க போடுற பழக்கமும் இருந்தா விட்ருங்க, அந்த எடை உள்ள கியர நகத்துற ஷிஃப்ட் ஃபோர்க்க ஓயாம உரச வைக்கும். அழகான கனமான நாப் போட்டதும் இந்த பழக்கம் இன்னும் ஜாஸ்தியாகுது, நானும் பண்றேன், வீட்ல திட்டு வாங்குறேன்.

500 கி.மீ. ஓடுனதும் பூட்ட மட்டும் தூக்கி, அசெம்பிளி போல்ட், கேபிள் கிளிப் எல்லாம் ஒருக்கா தொட்டு பாருங்க. கழட்டுன பழைய ராடு, பழைய நாப், மிச்சமான கிளிப் எல்லாத்தயும் ஒரு கவர்ல போட்டு ஸ்டெப்னி டயருக்கு அடியில வச்சுருங்க. வண்டிய விக்கிற அன்னிக்கு வாங்க வர்றவரு மொத கேள்வியே "ஒரிஜினல் கியர் ராடு இருக்குங்களா?"ன்னுதான் கேப்பாரு.